முப்பது எழுத்தும் மோர்சுக் குறியும்

தமிழ்த் துறையைச் சார்ந்தோர் ஒரு கணினி நிரலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளுதல் வழக்கமன்று. நூலும் உரையும் பாட்டும் கதையும் அன்றோ நம் ஆராய்ச்சிக்கு உரியவை என்பர். ஆயினும், எழுத்து என்பது யாது, அதனை எண்ணுவது எங்ஙனம் என்னும் வினாக்கள் தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணத்தார்க்கே உரியனவாய் இருந்து வந்துள்ளன. அவ்வினாக்களுக்கு ஒரு விடையைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கும் எதுவும், அஃது ஓலையாயினும் பொறியாயினும், நம் ஆராய்ச்சிக்குப் புறம்பாகாது என்பது எம் கருத்து.

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் வாழும் இளைஞர் ஒருவர் நான்கு பக்க அளவில் ஒரு விளக்கக் குறிப்பை எழுதி, அதனோடு தாம் இயற்றிய நிரலையும் எம்மிடம் கொணர்ந்தார். தமிழில் எழுதியதை மோர்சுக் குறியாக மாற்றுவதும், மோர்சுக் குறியாகத் தட்டியதைத் தமிழெழுத்தாக மீட்பதும் அந்நிரலின் தொழில். “ஐயா, இதில் இலக்கணப் பிழை இருந்தால் சொல்ல வேண்டும்” என்பதே அவர் வேண்டுகோள். குறிப்பின் பெரும்பகுதி தமிழின் தொன்மையைப் பற்றியதாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், இரண்டே வரிகளில், இம்முயற்சிக்கு உண்மையான காரணம் காணப்பட்டது. அவர் தந்தையார் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரும்பொறியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர். அறிவும் செவியும் குறைவற உள்ளன. வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டும் அசைகின்றன. இரண்டு விரல்களுக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்று புள்ளி, மற்றொன்று கோடு. யாம் முதலிற் படிக்க வேண்டிய வரிகளைக் கடைசியிற் படித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

மோர்சு முறையின் வரலாறு பலரும் அறிந்தது, சுருங்கக் கூறுவோம். 1844-இல் வாசிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்சு முதற்பெருஞ்செய்தியை அனுப்பினார். அவருடைய துணைவரான ஆல்பிரடு வெயில் என்பார் ஓர் அச்சகத்துக்குச் சென்று, அச்சுக்கோப்போர் பெட்டிகளில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சுக்கள் உள்ளன என்று எண்ணி, மிகுதியாக வழங்கும் எழுத்துக்குச் சிறிய குறியையும் அருகி வழங்கும் எழுத்துக்கு நீண்ட குறியையும் அமைத்தார் என்பர். இன்று உலகெங்கும் வழங்குவது, செருமானியரான கெர்க்கே 1848-இல் திருத்தி, பின்னர் 1865-இல் பாரிசு மாநாட்டில் ஏற்கப்பெற்ற வடிவமாகும். ஒரு கோடு மூன்று புள்ளிக்கால அளவினது. ஓர் எழுத்தினுள் கூறுகளுக்கிடையே ஒரு புள்ளிக்காலமும், எழுத்துக்களுக்கிடையே மூன்றும், சொற்களுக்கிடையே ஏழும் மௌனம் வேண்டும். இம்முறை தந்தியாலே வளர்ந்தது, தந்தியோடே தேய்ந்தது. கடற்கலங்களின் இடர்ச்செய்திகளுக்கு இது கட்டாயமாய் இருந்த நிலை 1999-இல் நீங்கிற்று. இந்தியாவில் 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே தொடங்கிய தந்திப்பணி 2013 சூலைத் திங்களில் முடிவுற்றது. அதற்கு நெடுநாள் முன்னரே மோர்சுத் தட்டல் நின்று, தட்டச்சுப்பொறியும் கணினியும் அதன் இடத்தைப் பெற்றிருந்தன.

‘தந்தி’ என்னும் சொல்லின் போக்கு சுவையுடையது. யாழுக்கும் வீணைக்கும் உரிய நரம்பாக இருந்த சொல், கம்பியைக் குறித்து, கம்பிவழி வந்த செய்தியையும் குறித்து, 1942-இல் ஒரு நாளிதழின் பெயரிலும் அமர்ந்தது. நம் சிற்றூர்களில் ‘தந்தி வந்திருக்கிறது’ என்றால், உறையைப் பிரிக்குமுன்னரே அழுகை எழும். இத்துணை அளவுக்கு நம் வாழ்வில் கலந்த ஒன்று, பலர்க்கு ஆங்கில எழுத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. தேவநாகரியில் தந்தி அனுப்பும் முறை 1949-இல் ஏற்பட்டது. தமிழ்ச் சொற்களோ பெரும்பாலும் ரோமன் எழுத்துக்களில் மாற்றி எழுதப்பட்டே கம்பியில் ஏறின. இதனால் விளையும் இடர்ப்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வி, ஏ, எல், ஐ என்னும் நான்கு ரோமன் எழுத்துக்கள் வந்தால், படிப்பவர் அதனை வலி என்பதா, வழி என்பதா, வளி என்பதா, வாளி என்பதா, வாலி என்பதா? குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர ழகர வேறுபாடும் ஒருங்கே அழிந்தன. திருமண வாழ்த்துக்கு இதனாற் கேடில்லை. நோயுற்ற ஒருவர் தம் உடம்பைப் பற்றிக் கூறும் செய்திக்குக் கேடு உண்டு.

இந்த இடர்ப்பாடு இறந்த காலத்தது அன்று. உடல் இயக்கம் குன்றியோர் ஒன்றிரண்டு பொத்தான்களைக் கொண்டு எழுதுதற்கு மோர்சு முறை பெரிதும் பயன்படுகின்றது. கூகுள் நிறுவனம் 2018-இல் தன் கைப்பேசித் தட்டச்சுப் பலகையில் அதனைச் சேர்த்தது. அதன் அடிப்படை ரோமன் எழுத்தே. மந்தாரக்குப்பத்துப் பெரியவர்க்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்து, பின்னர் நாள்தோறும் செய்தித்தாள் படித்துப் பழகியவர். எனவே தமிழெழுத்தை நேரே மோர்சாக்கும் முயற்சி வீண் முயற்சி அன்று. முயற்சி நன்று என்பதனால் குறிப்பிலுள்ள கூற்றெல்லாம் நன்று என்று ஆகிவிடாது. இனி அவற்றை ஆராய்வோம்.

குறிப்பின் முதற்கூற்று: ‘நேரசையும் நிரையசையுமே புள்ளியும் கோடும், ஆதலின் மோர்சு முறைக்கு முன்னோடி தமிழ் யாப்பே.’ இதனைக் கேட்கச் செவிக்கு இனிமையாக இருக்கின்றது, உண்மைக்குப் பொருந்தவில்லை. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு கால அளவு ஒன்றே. நேரசையும் நிரையசையும் அவ்வாறு வேறுபடுவன அல்ல. தனிநெடில் நேரசை; அதற்கு மாத்திரை இரண்டு. குறிலிணை நிரையசை, அதற்கும் மாத்திரை இரண்டே. ‘பா’ என்பதும் ‘பல’ என்பதும் கால அளவில் ஒத்தும் அசையில் வேறுபட்டும் நிற்றலைக் காண்க. கால அளவு ஒத்த இரண்டு, காலத்தால் மட்டும் வேறுபடும் இரண்டுக்கு எங்ஙனம் நிகராகும்? மேலும் மெய்க்கு அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் நம் அளவு இரட்டித்துச் செல்வது. மோர்சின் அளவு ஒன்றுக்கு மூன்று. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவுகோலாகக் கொண்டு ஒலியின் காலத்தை வரையறுத்தது தமிழிலக்கணத்துக்குப் பெருமை தருவதே. அப்பெருமைக்குத் தந்திக்கம்பியைத் துணைக்கழைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் கூற்று எம்மை வியப்பில் ஆழ்த்தியது. புள்ளியும் கோடும் கொண்டு ஒரு கூறு உடைய குறிகள் இரண்டு அமையும். இரு கூறு உடையன நான்கு. மூன்று கூறு உடையன எட்டு. நான்கு கூறு உடையன பதினாறு. கூட்ட முப்பது. தமிழில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, கூட்ட முப்பது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துக்களே ஆதலின் நான்கு குறிகள் எஞ்சி நிற்கின்றன; அவை செருமானியம் முதலிய மொழிகளின் தனியெழுத்துக்களுக்குப் பயன்பட்டன. தமிழின் முதலெழுத்துக்களோ அம்முப்பது குறிகளையும் ஒன்று குறையாமலும் ஒன்று மிகாமலும் நிறைக்கின்றன. ஆய்தத்துக்கும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கும் ஐந்து கூறு கொண்ட குறிகளில் இடம் உண்டு. எண்களுக்குப் பத்துப் போக எஞ்சியவை இவற்றுக்கு வேண்டிய அளவினும் மிகுதி.

இது தற்செயலான ஒப்புமையே. இரண்டின் அடுக்குகளைக் கூட்டி எழுத்துக்களை எவரும் வகுத்திலர். ஆயினும் தற்செயலாக அமைந்ததும் பயன்படலாம். இதன் பயன், எழுத்து முப்பது என்று எண்ணுவார்க்கே உரியது என்பதை நோக்குதல் வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு என்று எண்ணின் இவ்வமைதி குலைந்துபோம். ஏழு கூறு வரையுள்ள குறிகளெல்லாம் வேண்டியிருக்கும். அவ்வளவையும் நினைவிற் கொள்ளுதல் இளையோர்க்கும் அரிது. நோயுற்ற முதியவரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. தொல்காப்பியர் எழுத்து முப்பது எனக் கூறி, சார்ந்து வருவன மூன்றையே வேறாக வைத்தார். நன்னூலார் உயிர்மெய்யைச் சார்பெழுத்துக்களுள் ஒன்றாகச் சேர்த்தார். இருவர் கொள்கையிலும் உயிர்மெய் முதன்மையுடையதன்று. பிறமொழிகளை நோக்கினும் இவ்விரு வழிகளும் காணப்படும். சப்பானியர் தம் அசையெழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அமைத்தனர். கொரியர் ஓர் அசைக்கட்டத்தைப் பிரித்து, அதிலுள்ள மெய்யையும் உயிரையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினர். நமக்கு அண்மையது கொரிய வழி.

ஆனால் இளைஞர் அம்முப்பதுக்கும் குறிகளைப் பங்கிட்ட முறை எமக்கு உடன்பாடாகவில்லை. அவர் நெடுங்கணக்கு வரிசையை அப்படியே பின்பற்றினார். அகர ஆகாரங்களுக்கு ஒரு கூறு. இகரம் முதல் ஊகாரம் வரை நான்குக்கு இரு கூறு. எகரம் முதல் ஙகரமெய் வரை எட்டுக்கு மூன்று கூறு. சகரமெய் முதல் னகரமெய் வரை பதினாறுக்கு நான்கு கூறு. பார்வைக்கு அழகிய பங்கீடுதான். ஆனால் ‘ஔ’ என்னும் எழுத்து, நாள் முழுதும் தமிழ் பேசினும் ஒருமுறையேனும் வாராது போகலாம். அதற்கு மூன்று கூறு. ஙகரமெய் ககரத்தின் முன்னரன்றித் தனித்து வருவது அரிதினும் அரிது. அதற்கும் மூன்று கூறு. தகரம், மகரம், ரகரம், னகரம் ஆகிய மெய்கள் வாய் திறக்குந்தோறும் வருவன. அவற்றுக்கு நான்கு கூறு! வெயில் அச்சகத்துக்குச் சென்று கற்ற பாடம் இங்கே மறக்கப்பட்டது. ‘மரபு வரிசையை மாற்றலாமா ஐயா?’ என்று அவர் வினவினார். நெடுங்கணக்கு பிறப்பு முறையால் அமைந்தது; வழக்கு மிகுதியால் அமைந்ததன்று. தந்தையார் ஒரு நாளைக்குத் தட்டவல்ல தட்டுக்கள் எண்ணி வைத்தவை. அவற்றை ஔகாரத்தின் சிறப்புக்காகச் செலவிடுதல் மரபைப் போற்றுதலாகாது.

இனி, இக்குறிப்பில் மிகுந்த சினத்தோடு எழுதப்பட்ட பகுதிக்கு வருவோம். கணினியில் தமிழெழுத்துக்களுக்கு எண் வகுத்த ஒருங்குறி முறை தமிழிலக்கணத்தைச் சிதைத்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. பலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். செய்தி இதுவே: இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988-இல் வகுக்கப்பெற்ற முறையைத் தழுவி, 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் ‘க’ என்னும் அகர உயிர்மெய்க்கு ஓர் எண் உண்டு, ‘க்’ என்னும் மெய்க்குத் தனி எண் இல்லை. ககரத்தின்பின் புள்ளிக்கு உரிய எண்ணை இட்டால் மெய் கிடைக்கும். கொம்பு, கால், சுழி முதலிய உயிர்க்குறிகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. ஆகவே கணினியின் நோக்கில் ‘க’ முதல். ‘க்’ அதனின்று பிறப்பது. இலக்கண நோக்கில் ‘க்’ முதல். ‘க’ அதனோடு அகரம் ஏறிப் பிறப்பது. இம்மாறுபாட்டைக் களையவே எல்லா எழுத்துக்களுக்கும் தனித்தனி இடம் தரும் பதினாறு நுண்மிக் குறியேற்றம் ஒன்றைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. எனினும் உலக வழக்கில் ஒருங்குறியே நிலைத்தது.

சிதைவு என்னும் சொல்லை எளிதில் ஏற்க இயலாது. மெய்கள் அகரத்தோடு கூடியே இயங்கும் என்று கூறியவர் தொல்காப்பியரே. மெய்யின் வடிவுக்குப் புள்ளி பெறுதலை இயல்பாக வைத்து, அப்புள்ளி நீங்கிய வடிவம் அகரத்தோடு கூடிய உயிர்மெய்யாகும் என்றும், பிற உயிர் ஏறுங்கால் வடிவு திரியும் என்றும் அவரே வகுத்தார். ஒலியை ஆராயுமிடத்து மெய் முதலாகின்றது. வரிவடிவை ஆராயுமிடத்து, கையானது முதலில் ககர வடிவை எழுதி அதன்மேற் புள்ளி இடுகின்றது. இவ்விரண்டும் ஒரே இலக்கணத்துள் அடங்கியவை. ஒருங்குறி வகுத்தார் தொல்காப்பியரை ஓதி அவ்வாறு செய்தனர் என்று யாம் கூறவில்லை. வடமொழி முதலிய பிற எழுத்துக்களுக்கு வகுத்த அச்சிலே தமிழையும் வார்த்தனர் என்பது உண்மை. அவ்வச்சு நம் வரிவடிவுக்கு ஒருவாறு பொருந்திற்று. ஒலி இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. குற்றச்சாட்டை அந்த அளவிலே நிறுத்துதல் நேர்மையாகும். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பெற்ற பாரதி பிரெயில் முறையிலும் மெய்க்குத் தனிப்புள்ளிக் குறி இட்டே எழுதுகின்றனர். விழியிழந்தோர் அம்முறையில் தமிழைக் குறைவறக் கற்றுவருகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

எம்முறையால் தட்டுதற்குரிய குறிகள் குறையும் என்பதை எண்ணிப் பார்த்தோம். ‘நெய்வேலி’ என்னும் சொல்லை இலக்கண முறையில் பிரித்தால் ந், எ, ய், வ், ஏ, ல், இ என ஏழு குறிகள். ஒருங்குறி முறையில் எட்டு. யகரத்தின் புள்ளி மிகுகின்றது. இளைஞர் இவ்வொரு சொல்லைக் காட்டியே தம் முறையின் வெற்றியை நிறுவினார். ‘நிலக்கரி’ என்பதையும் அவர் எண்ணியிருக்கலாம். இலக்கண முறையில் ஒன்பது. ஒருங்குறி முறையில் எட்டு. லகரத்திலும் ககரத்திலும் உள்ள அகரங்கள் அங்கே தட்டாமலே வந்துவிடுகின்றன. பின்னர் ‘நாளை காலை சுரங்கத்துக்கு வரவும்’ என்னும் தொடரை எண்ணினோம். இரண்டு முறையிலும் இருபத்தெட்டே. புள்ளி பெற்ற மெய்கள் நான்கு. அகர உயிர்மெய்களும் நான்கு. ஒருங்குறி முறை மெய்தோறும் புள்ளிக்கு விலை கொடுக்கின்றது. இலக்கண முறை அகரந்தோறும் விலை கொடுக்கின்றது. அங்கே புள்ளிக்கும் இங்கே அகரத்துக்கும் மிகச் சிறிய குறியை வைத்துவிட்டால் விலையும் ஒன்றே. சில சொற்களையும் ஒரு தொடரையும் கொண்டு விதி வகுத்தல் கூடாது. ஆயினும் சிக்கனத்தைக் காட்டி ஒரு முறையை மற்றொன்றன்மேல் உயர்த்துதல் இயலாது என்பதற்கு இவை போதும்.

நிரலை இயக்கிப் பார்த்தபோது கண்ட பிழைகள் இரண்டை மட்டும் சுட்டுகின்றோம். ‘பொழுது’ என்னும் சொல்லில் கொம்பும் காலும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம். இரண்டு எண்களாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. நிரல் முன்னதை ஒகரமாகவும், பின்னதை எகரமும் ஆகாரமுமாகவும் பிரித்தது. மற்றொன்று ‘ஔவை’. நம்மவரிற் பலர் இப்பெயரை ஒகரத்தின்பின் ளகரத்தை இட்டுத் தட்டச்சு செய்கின்றனர். திரையில் சரியாகவே தோன்றுகின்றது. நிரல் உள்ளதை உள்ளவாறு எடுத்துக்கொண்டு, ஒகரத்தையும் ளகரமெய்யையும் அகரத்தையும் தனித்தனியே ஒலித்தது. இப்பிழைக்கு நிரலைக் குறை கூறுதல் தகாது. ஆங்கில வழியிற் பயிலும் மாணவர்களிடம் மட்டுமன்றி, எம் துறையில் அச்சாகும் கட்டுரைகளிலும் இந்த ளகரத்தைக் கண்டிருக்கின்றோம். முதற்பிழையை இளைஞர் ஒரே மாலையில் திருத்திவிட்டார்.

யாம் அவர்க்குக் கூறிய முடிவு இலக்கண முறையே ஏற்றது என்பது. அதனுள் குறிகள் முப்பதில் அடங்குகின்றன, கற்றல் எளிது, உயிர்க்கும் உயிர்க்குறிக்கும் வெவ்வேறு குறிகளை நினைவிற் கொள்ள வேண்டுவதில்லை. பங்கீட்டை மட்டும் வழக்கு மிகுதி நோக்கி மாற்றச் சொன்னோம். அவ்வாறே மாற்றினார். பின்னர் யாமும் ஒருநாள் அவர் இல்லத்துக்குச் சென்று, பெரியவர் தட்டுவதைக் கண்டோம். எம் முடிவின் குறை அங்கேதான் புலப்பட்டது.

பெரியவர் அகரத்தைத் தட்டவே இல்லை. ‘மரம்’ என்பதற்கு ம், ர், ம் என்று தட்டி நிறுத்தினார். ‘கடல்’ என்பதற்கு க், ட், ல். மறதியாலன்று, ஒவ்வொரு முறையும் அவ்வாறே. இளைஞர் பொறுமையாக, “அப்பா, இடையில் ஒரு புள்ளி தட்டணும்” என்று நினைவூட்டினார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். அவர் கை எழுதிப் பழகிய கை. ககரத்தை எழுதினால் அஃது அகரத்தோடே வருகின்றது. மேலும் ஒன்று இடுவானேன்? அதே வேளையில், மெய்க்குப் புள்ளி இட வேண்டும் என்றும் அவர் கருதவில்லை. ‘பட்டம்’ என்பதற்கு ப், ட், ட், ம் என்றே தட்டினார். அகரத்தையும் விட்டார், புள்ளியையும் விட்டார். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாது எழுதிய மரபு எமக்கு நினைவு வந்தது. சுவடி படித்தவர்கள் சொல்லின் அமைப்பாலும் பொருளாலும் மெய் எது, உயிர்மெய் எது என்று தெளிந்தனர் அல்லவா? பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நிரல் படுதல் கூடாதோ என்று எண்ணினோம்.

இதற்கு மெய்ம்மயக்கம் என்னும் இலக்கணப் பகுதி துணை நின்றது. மொழிக்கு முதலில் இரண்டு மெய்கள் கூடி வாரா. ஆதலின் ம், ர், ம் என்பதில் முதல் மகரத்தின்பின் அகரம் இருந்தே ஆக வேண்டும். ஈற்றில் ரகரமும் மகரமும் மயங்கி நில்லா. ஆதலின் அங்கும் அகரம் உண்டு. ‘மரம்’ என்பது ஐயமின்றிக் கிடைக்கின்றது. ப், ட், ட், ம் என்பதில் டகரம் தன்னொடு தான் மயங்கும், எனவே ‘பட்டம்’. 1999-இல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் இவ்வழி ஓரளவு கையாளப்பட்டுள்ளது. ககரத்தை இருமுறை தட்டினும், ஙகரத்தையடுத்துக் ககரத்தைத் தட்டினும் முன்னதற்குப் புள்ளி தானே ஏறிவிடும். அப்பலகையில் ‘ததும்பு’ என்று எழுதுவோர் இடர்ப்படுவர், தகரம் இரட்டித்துவிடும். மொழிமுதல் விதியையும் சேர்த்துக்கொண்டால் அவ்விடர் இல்லை. மாணவர்கள் தேர்வுக்காக உருப்போட்டுப் பின்னர் மறந்துவிடும் மெய்ம்மயக்க நூற்பாக்கள், ஒருவர் தட்டாத எழுத்தை ஊகித்து நிரப்பும் கருவியாயின. எழுத்ததிகாரத்தைக் கற்பிக்கும் எமக்கே இப்பயன் இதுகாறும் தோன்றாதது வெட்கத்துக்குரியது.

எனினும் விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. லகரத்தோடு ககரம் மயங்கும் என்பது விதி. ஆகவே ப், ல், க், ல், ஐ என வந்தால் ‘பல்கலை’யும் ஆகலாம், ‘பல கலை’ சேர்ந்து நின்றதும் ஆகலாம். க், ல், க், ம் என்பது ‘கலகம்’ என்றே பெரியவர் கருதியது. விதியின்படி ‘கல்கம்’ என்று கொள்ளவும் தடையில்லை. இத்தகைய இடங்களில் நிரல் இரண்டையும் திரையிற் காட்டி, ஒரு புள்ளியாலோ ஒரு கோட்டாலோ ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்தல் வேண்டும் என்று கூறினோம். மயங்கும் சொல்லிணைகளை எம் மாணவர் சிலர் தொகுத்துவருகின்றனர்; ரகர, லகர, ழகர, ளகர மெய்களின் பின்னரே அவை மிகுதி.

பெரியவரின் மூன்றாம் நாள் தட்டலை மட்டும் கூறி நிறுத்துவோம். இளைஞர் நிரலோடு ஓர் அகராதியையும் இணைத்திருந்தார். அகராதியில் இல்லாத சொல் வந்தால் அதற்கு நெருங்கிய சொல்லை நிரலே இட்டுவிடும். பெரியவர் த், ண், ண், இ என்று தட்டினார். விதி தன் வேலையைச் செவ்வனே செய்து ‘தண்ணி’ என்று மீட்டது. அகராதி அதனை ஏற்காது ‘தண்ணீர்’ என்று திருத்திற்று. எம் முகத்திலும் ஒரு நிறைவு தோன்றியிருக்க வேண்டும். பெரியவர் திரையை நோக்கினார், எம்மையும் நோக்கினார். பிறகு, பிழை நீக்குதற்கென மோர்சு முறையில் வகுத்துள்ள எட்டுப் புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, அச்சொல்லை அழித்துவிட்டு, மீண்டும் த், ண், ண், இ என்றே தட்டினார். இளைஞர் அகராதியை எடுத்துவிட்டார்.